சம்பந்தியம்மாவின் மஞ்சள் ரோஜா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டரிடம். கடைவாய்ப் பல்லுக்காக நான் வாயைப் பிளந்து படுத்திருக்க, அந்த அம்மாள் வேலை செய்தபடியே சொன்னார். வாய் நிறையப் பஞ்சு. குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. ஆகவே ஓட்டை விழுந்த இடங்களை நானே அடைத்திருக்கிறேன்.

முதல் வரி இப்படி எழுதினேன்: ‘தங்கத்தை உருக்கி வார்த்தாற்போல் அந்த ரோஜாக்கள் காலை வெயிலில்—’

(வேண்டாம். டாக்டர் பூவைப் பார்க்குமுன் இலையைப் பார்க்கிறவர்.)

2

ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் ரோஜா நடுவர். தோட்டக்கலைச் சங்கத்தின் சோதனைத் தோட்டத்தில் புதுரக மஞ்சள் புதர் ரோஜாக்களை நட்டிருந்தார்கள். வளர்த்தவர் பெயர் கிடையாது, எண் மட்டும். மருந்து அடிக்கக் கூடாது. அப்படி விட்டும் செடி தாக்குப்பிடிக்கிறதா, மஞ்சள் வெயிலில் வெளுக்காமல் நிற்கிறதா, ஒரு சுற்றுப் பூத்ததோடு ஓய்ந்துவிடாமல் மறுபடி மொட்டு வைக்கிறதா என்று பார்த்து நடுவர்கள் மூவரும் மதிப்பெண் போடுவார்கள்.

ஒரு செடியைக் கண்டதும் டாக்டருக்குத் திக்கென்றது. மொட்டின் நுனியில் சிவப்புத் தீற்றல். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பின்வாசலில் இதே ரகத்தைப் பார்த்திருக்கிறார். சம்பந்தியம்மா தன் கையால் மகரந்தம் தடவி, விதை போட்டு உருவாக்கியது.

டாக்டர் அன்றே சங்கத்தில் விஷயத்தைச் சொல்லி, அந்தச் செடிக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொண்டார். மற்ற இருவர் போட்டார்கள். மழை வந்தது, கூடவே கரும்புள்ளி நோயும் வந்தது. செடி முழங்காலுக்குமேல் மட்டும் இலையோடு நின்றது. (செடிக்கு ஏது முழங்கால்? இருக்கட்டும்.) தேறவில்லை.

3

சம்பந்தியம்மா பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவது அவருக்குத் தொழில். முடிவு தெரிந்ததும் போன் செய்தார்.

“நீங்க எவ்வளவு போட்டீங்க, சம்பந்தி?”

“நான் போடலை.”

“ஒண்ணுமே போடலையா?”

சொந்தக்காரர் செடிக்கு நடுவர் மதிப்பெண் போடக் கூடாது என்ற விதியை டாக்டர் விளக்கினார். விளக்க விளக்க விஷயம் கெட்டது. ஊரார் செடிக்கெல்லாம் நின்று மார்க் போட்டுவிட்டு, நம் வீட்டுச் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார் என்பது சம்பந்தியம்மாவின் தீர்ப்பு. மகள் பாடுதான் திண்டாட்டம். அம்மாவுக்காகப் பேசினால் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேசாவிட்டால் அம்மாவுக்கு மனசு வாடியது.

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், டாக்டர் ஒரு நல்ல பொய் சொல்லிச் சமாதானம் செய்து— (அவரால் ஆகாது. என் பல்லைப் பற்றி என்னிடம் சொன்ன விதமே சாட்சி.) இன்னொன்றில், சம்பந்தியம்மா மண்வெட்டியோடு வந்து செடியை— (இது சினிமா.)

நடந்தது இதுதான். டாக்டரே போய் சம்பந்தியம்மாவை அழைத்துவந்து செடிமுன் நிறுத்தினார்.

“தோத்தது தெரியும். உங்க வாயால சொல்லுங்க.”

“பூவுக்கு முழுசாப் போட்டிருப்பேன். சித்திரை வெயில்லயும் வெளுக்கலை. மத்ததெல்லாம் வெளுத்துப்போனப்ப இது மட்டும் மஞ்சளா நின்னுச்சு. ஆனா இலைக்குப் பாஸ் மார்க்கூடப் போட்டிருக்க மாட்டேன்.”

சம்பந்தியம்மா குனிந்து, புள்ளி விழுந்த இலையொன்றைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டருக்கு மகளின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

“அப்ப ஒவ்வொரு தடவையும் நின்னு பாத்திருக்கீங்க.”

“பாக்காம போவேனா?”

சம்பந்தியம்மா நிமிர்ந்து, ஓரத்தில் இலை தளதளவென்றிருந்த வேறொரு செடியைக் காட்டினார். பூ சுமார்தான். அதன் மகரந்தம் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். சங்கம் சம்மதித்தது. சம்பந்தியம்மா வீட்டுப் பின்வாசலில் அந்த மகரந்தத்தைத் தடவ இரண்டு சம்பந்திகளுமாகத் தூரிகை பிடித்தார்கள்.

“இனி இது உங்க செடியும்தான். நீங்க மார்க் போடலைன்னா எனக்குக் கோவம் வராது” என்றார் சம்பந்தியம்மா.

5

விதை முளைத்திருக்கிறது என்று கேள்வி. பூ மஞ்சளாக வருமா, இலை நிற்குமா, யாருக்கும் தெரியாது. தெரியாததை எழுத எனக்கு மனமில்லை. உங்களுக்கு அவசரமானால் நீங்களே பூக்கவைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேண்டுகோள்: மருந்து அடிக்காதீர்கள்.