கேட்காத லீவு

அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி மத்தியானம் இரண்டாவது முறையாக நின்றுபோனது. வாடகைக்குக் கொடுத்தவன் போனை எடுக்கவில்லை. ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் பழுது பார்க்கிற பிள்ளை வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று அவனையே பெட்டிக்கடியில் குனிய வைத்துவிட்டார்கள். செத்த அன்றுகூட அப்பா அவனிடம் வேலை வாங்காமல் விடவில்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே கம்பளி மாதிரித் தூசி. அதைத் தட்டிவிட்டு, தன் பையிலிருந்த கெபாசிட்டர் ஒன்றை மாற்றியதும் கம்ப்ரசர் உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்குமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"தாங்கும். அவ வர்ற வரைக்கும் தாங்கணும்."

அவள் என்றால் அவன் மனைவி. ராணுவத்தில் லாரி ஓட்டுகிறாள். எல்லை முகாமுக்குப் போய் ஒன்றரை வருஷமாகிறது. நடுவில் கிடைத்த லீவுக்கும் தன் அம்மா வீட்டுக்குத்தான் போனாள். காலையில் அக்கா முகாமுக்குப் பேசியிருந்தாள். அவளுக்குத் தகவல் சொல்லிவிடுவதாகவும், கேட்டால் உடனே லீவு உண்டு என்றும் சொன்னார்களாம். இன்றைக்கே எடுத்துவிடலாம் என்ற சொந்தக்காரர்களைக் கையைக் காலைப் பிடித்து நிறுத்தியிருந்தான். இந்த ஒரு தடவை அவள் இந்த வாசலை மிதித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவனுக்கு நப்பாசை.

போன் அடித்தது. எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

"ஏங்க! கல்யாண நாள் வாழ்த்துகள்!"

அவன் அதை மறந்தே போயிருந்தான். பின்னால் பெண்கள் கைதட்டினார்கள்.

"பிஸ்கட்டை அடுக்கி கேக் பண்ணியிருக்காளுங்க. மெழுகுவத்தி கிடைக்கலைன்னு டார்ச் லைட்டை நட்டு வெச்சிருக்காளுங்க" என்று சிரித்தாள்.

இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது, பாவிகள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் எங்கே ஆரம்பிப்பது? வாழ்த்தைத் திருப்பிச் சொன்னான். சாப்பிட்டாயா என்றான். அங்கே குளிர் எப்படி என்றான். வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

கைதட்டல் ஓய்ந்து, கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"மாமாவோட கண்ணாடியைக் கழட்டிட்டாங்களா?" என்றாள், குரலை இறக்கி. "போட்டே இருக்கட்டும். அது இல்லாம அவருக்கு ஆகாது."

"உனக்குத் தெரியுமா?"

"காலையிலயே சொல்லிட்டாங்க. இவளுங்ககிட்டதான் சொல்லல. பாவம், ஆசையாப் பண்ணியிருக்காளுங்க."

"எப்பக் கிளம்பற?"

"லீவு கேக்கல."

"கேட்டாலே குடுப்பாங்களாமே!"

"குடுப்பாங்க. 'என் சாவுக்குக்கூட இந்தப் பக்கம் வராதே'ன்னு மாமா சொன்னப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

நின்றான். முகாமுக்குப் போகக் கூடாது என்ற அப்பாவை மீறி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய அன்று, டாக்சிக்காரனுக்கு வழி சொல்வதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றான். டாக்சிக்காரனுக்கு வழி நன்றாகவே தெரியும்.

"அது கோபத்துல சொன்னது. கடைசி நேரத்துல உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தார்."

"என்னன்னு கேட்டார்?"

அவன் தேடினான். இந்த ஒன்றரை வருஷத்தில் அப்பா அவளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பொய் வேணாங்க. இன்னைக்காவது" என்றாள். "எனக்கும் வரணும்னுதான் இருக்கு. யார் கூப்பிட்டான்னு வந்து நிக்கறது? சரி, அடுத்தவ போனுக்குக் காத்துட்டு இருக்கா, வெச்சிடறேன்."

அவன் கீழே வந்தான். கூடத்தில் எல்லா முகங்களும் நிமிர்ந்தன.

"லீவு கிடையாதாம்" என்றான்.

அக்கா அவனையே ஒரு கணம் பார்த்தாள். "ஆமா, நானும் மறுபடி பேசினேன். முடியாதுன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். "அப்ப இன்னைக்கே எடுத்துடலாம்."

"பெத்தவன் மாதிரி மாமனார். அதுக்குக்கூட விடலைன்னா என்ன ராணுவமோ!" என்று சித்தப்பா பொரிந்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்.

"நல்லதாப் போச்சுடா. வந்திருந்தா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைப் பாப்பேன்? அன்னைக்கு நானும்தான வாயைத் திறக்கல."

சேலையை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் உட்காரவில்லை.