பேர் சொல்லிக் கூப்பிட்ட மதியம்

1

“எல்லாரும் கீழ வாங்கன்னு பொத்தாம்பொதுவா மைக்ல சொன்னா எவன் வருவான்? கல்யாணத்துக்கே பேரச் சொல்லி அழைக்கலன்னா நம்மாளு வாசப்படி தாண்ட மாட்டான்.”

“யக்கா, இது கல்யாணமா? வெயிலுதான!”

“அப்ப வெயிலே வந்து கூட்டிட்டுப் போவட்டும்னு வுட்டுருவியால?”

தாராவிச் சந்தொன்றில், மே மாத மதியத்தில் என் காதில் விழுந்த சண்டை இது. கதைக்கு விதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. சண்டை போட்டவர்களுக்குப் பேராச்சி, சொரிமுத்து என்று பேர் வைத்துக்கொண்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உலகம் சூடாகி வருகிறது. துருவத்தில் பனி உருகி…’

(அடித்துவிட்டேன். ஃபிரிட்ஜுக்கு வெளியே அந்தச் சந்தில் யாரும் பனியைப் பார்த்ததில்லை.)

மறுபடியும். சொரிமுத்து மைக்செட்காரன். கோயில் கொடைவிழா, சாவு, தண்ணீர் வரும் நேரம் எல்லாம் அவன் குரலில்தான் சந்துக்குத் தெரியவரும். அன்று ஒரு தொண்டு அமைப்பு எழுதிக்கொடுத்த அறிவிப்பை வாசித்தான்: “பருவநிலை மாற்றத்தால் வெப்ப அலை. தகரக்கூரை மாடியில் இருப்போர் தரைத்தள வீடுகளில் தங்கவும்.”

ஒருவரும் இறங்கவில்லை.

[நம்பவில்லை என்று எழுத இருந்தேன். தப்பு. தலைக்கு மேல் தோசைக்கல் காயும்போது யார் நம்பாமல் இருப்பார்கள்? கூப்பிடாத வீட்டில் எப்படிப் போய் உட்காருவது? அதுதான் சங்கதி.]

3

பேராச்சிக்குத் தரைத்தளம். தையல் மெஷினும் ஃபேனும் உண்டு. அவள் தலைக்கு மேலே, சந்திலிருந்து இரும்பு ஏணியில் ஏறிப் போகும் மாடியில், தகரத்தடியில் முத்துமாரி, நிறைமாதக்காரி. குழாயடித் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனாலும் முத்துமாரி நடக்கும் சத்தம் கீழே கேட்கும். அன்று காலையிலிருந்து அது குறைந்துகொண்டே வந்து, நின்றுவிட்டது.

(பேராச்சியை ரொம்ப நல்லவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அப்படிப்பட்டவள் அப்போதே ஏணி ஏறிப் போயிருப்பாளே?)

மேலே போவதற்குப் பதில் அவள் சொரிமுத்துவிடம் போனாள், முதலில் சொன்ன அந்தச் சண்டைக்கு. மைக்கைப் பிடுங்கினாள்.

4

“ஏட்டி பானுமதி! நசீர் பாய் வீட்டுல மோர் கலக்கியாச்சு, புள்ளயளக் கூட்டிட்டு எறங்கு! தளவாய் அண்ணே, சொரிமுத்து வீட்டுல பாய் விரிச்சிருக்கு, வந்து படுங்க!”

“எங்க வீட்டுலயா?” என்றான் சொரிமுத்து.

“பின்ன? ஓடு, போயி விரி!”

முதலில் ஒரு இரும்பு ஏணி அதிர்ந்தது. அப்புறம் எதிர்வரிசையில் ஒன்று. பேர் விழ விழ, தலையில் ஈரத்துண்டோடு, இடுப்பில் பிள்ளையோடு, ஒரு கையில் டிஃபன் பாக்ஸோடு ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இத்தனை பேர் அந்தத் தகரங்களுக்கு அடியிலா இருந்தார்கள்! நானே எழுதுகிறேன், எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. எத்தனையோ அறிக்கைக்கு அசையாத சந்து, பேரைச் சொன்னதும்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

5

ஒரு ஏணி மட்டும் அசையவில்லை. பேராச்சி வீட்டுக்கு மேலே போகிற ஏணி.

சந்தே அவளைப் பார்க்கிறது. மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் மூச்சு எல்லா வீட்டுக்கும் கேட்கிறது.

கதைக்கு ஒரு முடிவு: சொரிமுத்து கூப்பிடுகிறான். (செல்லாது. பேச்சு நின்றது அவனோடு இல்லை.)

இன்னொன்று: பேராச்சி வாயைத் திறக்கிறாள். “ஏட்டி முத்து

இங்கே நிறுத்திவிட்டேன். மேலே இருப்பவள் எழுந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. உங்கள் தலைக்கு மேலேயும் தகரத்தடியில் யாராவது இருப்பார்கள், பேச்சு நின்றுபோனவர்களாகக்கூட இருக்கலாம். இன்று மதியம் அவர்களைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்கள். ஏணி அசைந்ததா என்று கீழே பதில் எழுதுங்கள்.