கட்டின கையே கழட்டட்டும்

எதிர்வீட்டு மரியம்மாள் அக்கா தன் கல்யாணத்துக்குச் சாட்சியாக வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டபோது, காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவளுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் இருக்கும். மகனுக்கே தலை நரைத்துவிட்டது.

"அன்னிக்குக் கோயில்ல தாலி கட்டினதோட சரி, பாக்கியம். பதியவே இல்ல," என்றாள்.

விஷயம் சின்னதில்லை. அவள் புருஷன் அழகேசன் அண்ணனுக்கு அடுத்த மாதம் இதய ஆபரேஷன். சிங்கப்பூரில், பூன் லேயில் அவர்கள் குடியிருக்கும் வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், சட்டப்படி அக்கா யாரோ எவரோ. எனக்கோ அடுத்த வீட்டு விவகாரம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மனுக் கொடுக்கப் போன அன்றே நானும் ஒட்டிக்கொண்டேன்.

பதிவு அலுவலகத்தில் முனீரா என்ற தமிழ்ப் பெண் இருந்தாள்.

"ஆண்ட்டி, நீங்க சிங்கிள்னு சத்தியம் பண்ணணும். இதுவரைக்கும் கல்யாணமே ஆகலைன்னு."

"என்னது?"

"பதியாததால சட்டத்துக்கு அது கல்யாணம் இல்ல, ஆண்ட்டி. ஃபார்மாலிட்டிதான் லா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "கழுத்துல தாலியோட உக்காந்துக்கிட்டு பொய்ச் சத்தியம் பண்ணவா? அதுவும் இவர் உசிரு ஊசலாடுற நேரத்துல? நான் மாட்டேன்." எழுந்துவிட்டாள்.

அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் அக்கா மறுபடி உட்கார்ந்தாள். அவர் பக்கம் குனிந்தாள்.

"கட்டின கையே கழட்டட்டும். அப்புறம் சத்தியம் பண்றேன்."

ஆபரேஷனுக்குப் போகிற மனுஷன் பெண்டாட்டி தாலியைக் கழற்றுவதா! அவர் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டார். அக்கா கணீரென்று சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் ஆகல."

பதிவுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று மாலையே அண்ணனின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"கல்யாணமாகாதவ வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலை? பொங்கோல்ல மகன் வீட்டுல இருங்க."

வீடே அவர் பெயரில்தான் என்று யார் அக்காவிடம் சொல்வது? சாயங்காலங்களில் அண்ணன் மகனின் காரில் வருவார். இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லிவிட்டுப் போவார். நான் என் கதவிடுக்கில் நின்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பதிவு நாளில் திருமணத்தை நடத்தியவர் முதலில் அண்ணனைக் கேட்டார். அவர் உடனே தலையாட்டினார். அடுத்தது அக்கா.

"இவரைக் கணவரா ஏத்துக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?"

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நான் நாற்காலியில் நெளிந்தேன்.

"இதை அப்ப யாருமே என்னைக் கேக்கல," என்றாள் அக்கா. "அப்பா கைகாட்டினாரு. கழுத்தை நீட்டினேன்."

"இப்பக் கேக்குறாங்கல்ல," என்றார் அண்ணன். "சொல்லு. வேணாம்னாலும் சொல்லு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சம்மதம்," என்றாள்.

அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அக்கா தடுத்தாள்.

"இப்ப வேணாம். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து கட்டுங்க. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

போன வாரம், ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அந்த இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். பேச மூச்சு வரவில்லை; சட்டைப் பையை மட்டும் தொட்டுக் காட்டினார். அக்கா கதவைத் திறந்தாள். யாரும் சொல்லாமலே கழுத்தை நீட்டினாள்.