தமிழில் பேசிய அமிர்தராஜ்

பொம்மையார்பாளையத்து ரிசார்ட்டில் போர்வை துவைத்துவிட்டு அற்புதமேரி பஸ் ஏறும்போதே இடுப்பு கழன்றுவிட்டது. மழை விழுந்து உப்பளம் மூழ்கினால் தை பிறக்கிற வரைக்கும் மரக்காணத்தில் அளத்து வேலை கிடையாது. வயிறு மட்டும் லீவு விடாது. அதனால் வருஷா வருஷம் இந்த நாளில் அடுத்தவர் படுத்த போர்வைதான் பிழைப்பு. எப்போதும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு தூங்குகிறவள் இன்றைக்குக் கண்ணை மூடவில்லை. சாயங்காலம் வீட்டில் டாக்டரம்மா படம் போடப் போகிறார்கள். அதில் செத்துப்போன அவள் புருஷன் பேசுவான்.

அது வெளிநாட்டுப் படம். எந்தக் காலத்திலோ கப்பலேறி நாடு நாடாய்ப் போய் வைத்தியம் பார்த்த ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் வாழ்க்கைக் கதை. அந்தம்மா இந்தக் கரைக்கும் வந்தாளாம். அதை எடுக்கத்தான் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் லாரி லாரியாக விளக்கும் குடையும் வந்து உப்பளத்தில் இறங்கின. உப்பு வாருகிறவர்களாக நடிக்க உப்பு வாருகிறவர்களையே கூப்பிட்டார்கள். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. எல்லோரும் கும்பலில் நிற்க, அமிர்தராஜுக்கு மட்டும் வசனம் கொடுத்தார்கள். வரப்பில் வருகிற டாக்டரம்மாவிடம், அந்தப் பக்கம் போகாதீர்கள், சறுக்கும் என்று சொல்ல வேண்டும். உன் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே சொல் என்றாராம் டைரக்டர்.

அற்புதமேரி அன்றைக்குத் தண்ணீர்க்குடத்தோடு கேமராவுக்குப் பின்னால் நின்றாள். நல்ல உச்சி வெயில். நடுவில் ஏதோ நினைத்து ஒரு காலை எடுத்து வைத்ததற்கே, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஷாட் ஓடுது, நகராதீங்க." காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அமிர்தராஜ் என்ன சொன்னான் என்று அவள் காதில் விழவில்லை.

படம் எந்தெந்த தேசத்திலோ ஓடியது. நம் பக்கத்துத் தியேட்டர் எதிலும் வரவில்லை. அதற்குள் அமிர்தராஜ் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அளத்து மேட்டில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவன் குரல் அவள் போனில் கொஞ்சம் இருந்தது. வரும்போது வெற்றிலை வாங்கி வா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான். அந்தப் போனும் இடுப்பிலிருந்து நழுவிப் பாத்தியில் விழுந்தது. "நல்ல தண்ணின்னா அரிசியில போட்டு எடுக்கலாம்க்கா. இது உப்புத்தண்ணி, உள்ள எல்லாத்தையும் தின்னுடுச்சி," என்று கடைக்காரன் கையை விரித்தான்.

அதற்கப்புறம் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதை விட்டுப் போனது. அவன் என்ன சொல்வான் என்பது நினைவிருந்தது, எப்படிச் சொல்வான் என்பது இல்லை. புருஷன் குரல் மறந்துவிட்டது என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போது அந்தப் படம் வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காக வந்திருந்தது. அன்றைக்கு ஷூட்டிங்குக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த அர்ச்சுனனுக்குக் கம்பெனிக்காரர்கள் ஒன்று அனுப்பியிருந்தார்கள். அந்த மகராசன் டிஸ்க்கோடு தன் கல்யாணத்துக்கு வந்த டிவிடி பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்தான். அற்புதமேரி வீடு போய்ச் சேர்ந்தபோது தெருவே உள்ளே இருந்தது. உட்கார இடமில்லை. மகள் மெர்லின் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"தமிழும் இருக்குதாம்மா. அதப் போடு," என்றான் அர்ச்சுனன். "அவங்க பாஷய வச்சிக்கினு நாம நாக்கு வழிக்கறதா?"

எல்லோரும் அதையே சொன்னார்கள். அற்புதமேரியும் தலையாட்டினாள். தமிழன் பேசுவதைத் தமிழில் போட்டுக் கேட்பதில் என்ன கேடு வரும் என்று யாருக்குத் தோன்றும்?

டாக்டரம்மா படித்தாள், அழுதாள், சண்டை போட்டாள், கப்பலேறினாள். நடுவிலேயே பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவழியாக உப்பளம் வந்தது. அவரவர் தலையை அவரவர் தேடினார்கள். அமிர்தராஜ் தலைத்துண்டோடு நிமிர்ந்து வாயைத் திறந்தான்.

"அம்மணி, அந்தப் பக்கம் போகாதீர்கள். வழுக்கி விழுந்துவிடுவீர்கள்."

எவனோ ஒருவன், ஏசி ரூமில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிவிட்டுப் பேசியது. அமிர்தராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். மறுபடியும் அவன் வாய் அசைந்தது. கடல் சத்தம்தான் கேட்டது.

"இன்னாப்பா, நம்ம அமிர்தராஜு நியூஸ் வாசிக்கறாப்ல பேசறான்," என்றான் அர்ச்சுனன். வீடே சிரித்தது. அதில் ஒரு விஷமும் இல்லை. அற்புதமேரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். படம் முடிகிற வரைக்கும் வரவில்லை.

தன் முதுகை மட்டும்தான் காட்டினார்கள் என்று அர்ச்சுனன் புலம்பிக்கொண்டே போனான். மற்றவர்களும் தூறலுக்கு முந்திக்கொண்டு கலைந்தார்கள். மெர்லின் அடுப்படிக்கு வந்தாள்.

"ஏம்மா எழுந்து வந்துட்ட? அப்பா நல்லாத்தான இருந்தாரு?"

"அது உங்கப்பன் இல்லடி. எவனோ."

"அப்பா மூஞ்சிதானம்மா."

"மூஞ்சிக்கா நான் இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தேன்? மூஞ்சி செவுத்துல தொங்குது." அவள் உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அந்தாளு குரல் மறந்துபோச்சுடி."

மெர்லின் டிவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தமிழ்ல போட்டதுதான் தப்பு. அவங்க பாஷயில போட்டா, நம்மாளுங்க பேசுனத அப்படியே உட்டிருப்பாங்க இல்ல?" என்று ரிமோட்டை எடுத்தாள்.

அற்புதமேரிக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு தரம் ஏமாற உடம்பில் தெம்பும் இல்லை. ஆனாலும் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரர்கள் என்னவோ பேசினார்கள், ஒரு வார்த்தை விளங்கவில்லை. உப்பளம் வந்தது.

"யம்மா, அந்தாண்ட போவாதீங்க, சறுக்கும்."

கரகரத்த குரல். அவள் நினைத்து வைத்திருந்ததைவிட மெலிசு. முன்பல் போன சந்தில் காற்று போகிற சத்தம்கூட இருந்தது. அவன்தான். ஆண்டவரே, அவனேதான்.

சொல்லி முடித்து அமிர்தராஜ் முகத்தைத் துடைத்தான். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான் போல. நேரே இந்தப் பக்கம் பார்த்தான்.

"ஏ மேரி, தண்ணி எடுத்தா. நாக்கு வறண்டுபோச்சு."

வெள்ளைக்கார டைரக்டருக்கு அதுவும் பிடித்திருக்க வேண்டும், வெட்டாமல் விட்டிருந்தார். தமிழில் பேசவைத்தவர்கள்தான் வேண்டாமென்று துடைத்துப் போட்டிருந்தார்கள். கூப்பிட்டுவிட்டு அவன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை. படம் கப்பலுக்குப் போய்விட்டது.

அற்புதமேரி எழுந்தாள்.

"எங்கம்மா போற?"

அவள் அடுப்படிக்குப் போனாள். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து டிவி முன்னால் நின்றாள். மெர்லின் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் நின்றான்.

"வந்துட்டேன் இருய்யா," என்றாள் அற்புதமேரி. "அன்னிக்கு அந்தப் பொண்ணு கையப் புடிச்சிக்கினா. அதான் வரல."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மெர்லின் அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே அந்தத் தண்ணீரை அவளே குடித்து முடித்தாள்.