முனிக்கு விட்ட வழி

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு விளக்கத்திலிருந்து பிறந்தது. அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எழுதுவதற்கு எதுவுமே இருந்திருக்காது. கரங்கானில் தூண்டில் குளம் வைத்திருக்கும் ஒருவரின் கைக்கு மருந்துப் பொட்டலம் வந்திருக்காது. ஆகவே, யாரோ சொல்லக் கேட்ட கதை என்று ஒதுங்கிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. கரங்கானைச் சுற்றி இப்படிப்பட்ட குளங்கள் பல இருப்பதால், எது என்று கண்டுபிடிப்பது எளிதல்ல என்று நம்புகிறேன்.)

2

முதல் வரைவு இவ்வாறு தொடங்கியது: "காலைப் பனியில் ஓடையிலிருந்து ஐந்து நீர்நாய்கள் கரையேறின. அவற்றுள் மிகச் சிறியது, தாயின் வாலைக் கவ்வியபடி—"

நிறுத்திவிட்டேன். குட்டியை முதல் வரியிலேயே காட்டிவிட்டால் வாசகர் அதன் பக்கம் சாய்ந்துவிடுவார். பிறகு மனிதர்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

இரண்டாம் வரைவு: "கூலிம் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து ஆட்குறைப்பில் வெளியேறிய சுகுமாரன், கைக்கு வந்த அனைத்தையும் ஒரு குளத்தில் போட்டார்." இது உண்மைதான். ஆனால் இதுவும் அதே தந்திரம். சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம்.

ஆகவே குளத்திலிருந்தே தொடங்குகிறேன். செம்பனைகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கும் குளம் அது. பாத்தின் மீனும் திலாப்பியாவும் வளர்கின்றன. சனி, ஞாயிறுகளில் தோட்டத்திலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஆட்கள் தூண்டிலோடு வருவார்கள். சுகுமாரனின் மனைவி சாந்தினி கரையில் தேநீர்க் கடை நடத்துகிறார். சுற்றிலும் தகர வேலி. ஓடைப் பக்கத்தில் மட்டும் வேலி இரண்டு முழ அகலத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைவெளியில் மஞ்சள் பூசிய ஒரு கல் நிற்கிறது. அது முனி. அவர் நடக்கும் வழியை மறிக்கக் கூடாது என்பது, சுகுமாரன் குளத்தை எடுப்பதற்கு முன்பே தோட்டத்து மக்கள் சொல்லிவைத்தது. தினமும் குளத்திலிருந்து எடுக்கும் முதல் மீன் அந்தக் கல்லுக்குப் படையல். மறுநாள் பார்த்தால் மீன் இருக்காது.

குளத்து மீன்களும் குறைந்துகொண்டே வந்தன. அதற்குக் காரணம் நீர்நாய்கள்* என்பது எல்லோருக்கும் தெரியும். அவை எந்த வழியாக நுழைகின்றன என்பதுதான் தெரியாமல் இருந்தது; முனியின் வழியில் அவை வரத் துணியும் என்று சுகுமாரன் நினைக்கவில்லை.

(* அங்கே அதன் பெயர் மெமேராங். நான் நீர்நாய் என்று சொன்னபோது, "நாயா? நாய்னா சங்கிலில கட்டிடலாமே" என்றார்கள். அதன் பிறகு நானும் அவர்களோடு பேசும்போது மெமேராங் என்றே சொல்லிவந்தேன்.)

3

சின்னையாவை எப்படி எழுதுவது என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

அவர் லோரி ஓட்டுநர், ஐம்பத்தைந்து வயது, குளத்துக்கு வாடிக்கையாகத் தூண்டிலோடு வருபவர். நீர்நாய்களுக்கு விஷ மருந்து வைக்கும் யோசனை அவருடையது. முதல் வரைவில் அவருக்குச் சிவந்த கண்களையும் தடித்த குரலையும் கொடுத்திருந்தேன். இரண்டுமே பொய். அவர் கண் சாதாரணக் கண். குரல் மெல்லியது, மீன் கலைந்துவிடும் என்று குளத்தருகே முணுமுணுத்துப் பேசியே பழகியது.

அந்தக் குளத்தில் பதினோரு கிலோ பாத்தின் ஒன்று இருந்தது. அதற்குத் தவுக்கே (முதலாளி) என்று பெயர். யார் தூண்டிலில் சிக்கினாலும் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவது வழக்கம். சின்னையா அதை இருமுறை பிடித்து இருமுறையும் விட்டிருக்கிறார். மார்ச் மாதத்தில் ஒரு காலை அவர்தான் அதைக் கரையில் கண்டெடுத்தார். தலை இல்லை. முதுகில் பாதி இல்லை.

"தொட்டுப் பாத்தேன் தம்பி. அப்பவும் வழுவழுன்னு இருந்துச்சு" என்றார் என்னிடம். அவரைத் தீயவராக எழுத முடியாமல் போனது அந்த வாக்கியத்தால்.

4

நான் அங்கே போனது என் ஆய்வேட்டுக்காக. தோட்டத்து முனி வழிபாடு குறித்த வாய்மொழிக் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை சுகுமாரன் என்னைக் கல்லருகே அழைத்துச் சென்றார். கல்லின் மேல் கருப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் செதில்கள் மின்னின.

"பாத்தீங்களா தம்பி" என்றார், குரலைத் தாழ்த்தி. "மீன எடுத்துக்கிட்டு செதில மட்டும் விட்டுட்டுப் போயிருக்காரு. நாலு வருஷமா ஒரு நாள் தவறுனதில்ல."

இந்த இடத்தில் ஒரு நல்ல ஆய்வாளன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்திருப்பான். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

"இது மெமேராங்கோட எச்சம்ணே. மேடா ஒரு கல்லு இருந்தா அதுமேலதான் போகும், இது எங்க எடம்னு காட்ட. இந்த வழியாத்தான் வருது. மீனையும் அதுதான் எடுக்குது."

பின்னால் தூண்டிலோடு நின்றிருந்த சின்னையாதான் முதலில் சிரித்தார்.

"டேய் சுகு, அப்ப நாலு வருஷமா மெமேராங்குக்குத்தான் படையல் போட்டிருக்க. முனி பட்டினி லா."

"சும்மா இருங்கண்ணே."

"எப்படிச் சும்மா இருக்கிறது? தண்ணிக் குழா வழியா வருதுன்னு குழாய அடைச்சோம். பட்டாசு போட்டோம். சாந்தினி தங்கச்சி தகரத்தத் தட்டித் தட்டி கை வீங்குனதுதான் மிச்சம். இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, தினம் ஒரே எடத்துல வந்து மீன மாக்கான் பண்ணுதுன்னு. அந்த மீனுலயே மருந்த வச்சிடு. வேல முடிஞ்சுது."

தேநீர்க் குவளைகளோடு வந்த சாந்தினி நின்றார்.

"சாமிக்கு வைக்கிற மீன்லயாண்ணே?"

"சாமி எங்கம்மா தின்னுச்சு? படிச்ச தம்பியே சொல்லிட்டாரே."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீரைப் பார்த்தேன்.

"இதச் சொல்ல படிச்சவரு வரணுமா?" என்றார் சாந்தினி. "எனக்கு மொத வருஷமே தெரியும். ஈர வாலு இழுத்த கோடு இங்கேருந்து ஓடை வரைக்கும் போவும். குட்டியக் கூட்டிக்கிட்டு வந்ததையும் பாத்திருக்கேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் சுகுமாரன்.

"முனி எடுத்துக்கிட்டாருன்னு நீங்க சந்தோசமா இருந்தீங்க. வச்சது ஒரு வயித்துக்குப் போவுது. யாரு வயிறுன்னு நான் எதுக்குப் பாக்கணும்?"

சின்னையா மெல்லச் சொன்னார்: "தவுக்கேயத் தின்ன வயிறும் அதுதான் தங்கச்சி."

சாந்தினி கடைக்குத் திரும்பி நடந்தார்.

(ஒரே பிரதிக்குப் பல வாசிப்புகள் உண்டு என்று நான்கு இயல்கள் எழுதியிருக்கிறேன். பிறர் வாசிப்பைக் கலைக்காமல் தன் வாசிப்பை நான்கு ஆண்டுகள் தன்னிடமே வைத்திருக்க ஒருவரால் முடியும் என்று அவற்றில் ஓரிடத்திலும் எழுதவில்லை.)

5

வனவிலங்குத் துறை அதிகாரி ஒருவர் முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள், தொட்டால் சிறை, வேலியை முழுமையாக அடையுங்கள் என்று சொன்னார். பண்பாகத்தான் சொன்னார். சுகுமாரன் தலையாட்டினார். முனியின் வழியைப் பற்றி அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையாம்.

"வேலிப் பாகார முழுசா அடைச்சா, முனி வழிய மறிச்சுட்டான்னு தோட்டத்து ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள கால் வைக்க மாட்டாங்க" என்றார் என்னிடம். "அடைக்கலன்னா மீனு இருக்காது. அடுத்த ஞாயிறு போட்டி வச்சிருக்கேன். அறுபது பேரு வர்றாங்க. அன்னைக்கு மீனு கடிக்கலன்னா அத்தன பேரும் பாடாங் செராய்ல புதுசா தொறந்திருக்கிற குளத்துக்குப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் இந்தக் குளத்த நான் வச்சிருக்க முடியாது. நீங்களே சொல்லுங்க தம்பி, என்ன செய்யட்டும்?"

விளக்கம் சொல்லத் தெரிந்த எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சின்னையா ஒரு பொட்டலத்தைக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலை, வழக்கமாகப் படையல் வைக்கும் சாந்தினி கடையை விட்டு நகரவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் முதன்முறையாகச் சுகுமாரனே மீனை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போனார். போகும்போது பொட்டலமும் சட்டைப் பையில் இருந்தது. பிறகு சின்னையாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வச்சாச்சுண்ணே" என்றார்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. மருந்தோடு வைத்தார். சனிக்கிழமை ஓடைக்கரையில் அவை கிடந்தன. ஐந்தும் அல்ல, மூன்றுதான். மற்ற இரண்டும் விலகிப் போகாமல் அருகிலேயே நின்று சீழ்க்கை போன்ற ஒலியில்— (இதை என்னால் முடிக்க இயலவில்லை.)

ஆ. பொட்டலத்தைப் பிரிக்காமலேயே மண்ணில் புதைத்துவிட்டு, வெறும் மீனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அறுபது தூண்டில்களுக்கு ஏழு மீன்கள். நண்பகலுக்குள் பாதிப் பேர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, சுகுமாரனின் முகத்தைப் பார்க்காமல்— (இதையும்.)

இ. அன்றிரவு முனி சுகுமாரனின் கனவில் தோன்றி— (இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். அடித்துவிட்டேன், அடித்த தடத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

7

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து, கரங்கான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் சுகுமாரன் சொன்னார். சொல்லி முடித்ததும் இதையும் சேர்த்துக்கொண்டார்:

"கத எழுதுவீங்கன்னு தெரியும் தம்பி. எழுதுங்க. ஆனா இத மட்டும் போட்டுடாதீங்க. வச்சேன்னு தெரிஞ்சா ஆபீஸ்காரன் வருவான். வைக்கலன்னு தெரிஞ்சா சின்னையா அண்ணன் வரமாட்டாரு."

இரண்டில் எதற்கு அதிகம் அஞ்சினார் என்பதை அவர் முகத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. அறிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். அந்தக் குளத்தருகே ஒருமுறை தெரிந்ததைச் சொன்னேன். அது போதும்.

ஆகவே முடிவை எழுத மறுக்கிறேன். திறந்த முடிவு என்று இதை யாரும் பாராட்ட வேண்டாம். அன்று நடந்தது ஒன்றுதான். அதை மறைப்பவன் நான்.

வாசகரே, உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களேதான் அங்கே போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணி. சுகுமாரனின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது; வழுக்குவதால் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். வேலிக்கு அப்பால் ஓடையில் ஏதோ புரள்கிறது. வைப்பதை வைத்துவிட்டு, கைகளைச் சட்டையில் துடைத்தபடி கரையோரமாகத் திரும்பி நடங்கள். கடை வாசலில் சாந்தினி நின்றுகொண்டிருப்பார். கோபத்தோடு அல்ல, வழக்கமான குரலிலேயே கேட்பார்:

"என்ன வச்சீங்க?"