வாசல் தெளிக்காத வீடு

துடைப்பத்தோடு வாசல்படியில் வந்து உட்கார்ந்தது வரைக்கும் விஷ்ணுப்ரியாவுக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் வரவில்லை. மணி ஏழே கால். போலகம் கிராமத்து வெயில் எதிர்வீட்டு மாடிச் சுவரைத் தாண்டி அவள் கால்விரலைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் தண்ணீர் வாளி இருந்தது, மடியில் கோலப்பொடி டப்பா இருந்தது. முதலில் தெளிப்பதா, பெருக்குவதா? பாவாடை கட்டிய வயதில் கற்றுக்கொண்ட காரியம். எம்.காம். படித்தவள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளுக்கு இப்படித்தான். கண் திறந்திருக்கும், கை கால் அசையும், உள்ளே மட்டும் கடை திறந்திருக்காது.

தூக்கம் என்று சொல்லிவிட்டால் சுலபம். தூக்கமில்லை அது. மண்டைக்குள் யாரோ ஈரத்துணியைப் போட்டு மூடியது போல ஒரு கனம். போன மாதம் காபியில் உப்பைப் போட்டாள். அதற்கு முந்தின வாரம் பாலைக் கொண்டுபோய் இட்லி மாவில் ஊற்றினாள். ஒருநாள் கைப்பேசியைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் குளிர்பெட்டியில் கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா மாமியாருக்கு? "நார்மல்னா அப்புறம் என்ன, திமிருதான்" என்று முடித்துவிட்டாள் பங்கஜவல்லி. அவள் நாலு மணிக்கு எழுகிறவள். எழுந்ததும் கோழியிலிருந்து கணவன் வரைக்கும் யாரையும் படுக்க விடமாட்டாள். விடிந்த பிறகும் பொம்பளை படுத்திருக்கிற வீட்டில் ஸ்ரீதேவி வாசலோடு திரும்பிவிடுவாள், மூதேவி உள்ளே வந்து பாய் விரிப்பாள் என்பது அவள் கட்சி.

ஆனால் பன்னிரண்டு மணி அடிக்கட்டும், அந்த ஈரத்துணியை யாரோ உருவிவிடுவார்கள். இரண்டு மணிக்குக் கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற லாரி ஆபீஸில் போய் உட்கார்ந்தாளானால் அவளைப் போல ஒருத்தி கிடையாது. நிலக்கரி ஏற்றிக்கொண்டு வெளியே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டு எழுதும் வேலை, இரண்டிலிருந்து பத்து வரைக்கும் ஷிஃப்ட். இருநூறு லாரிகளின் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கம்ப்யூட்டரில் தேடுவதற்குள் அவள் வாயில் நம்பர் வந்துவிடும். ஒரே நம்பரை இரண்டு வண்டிக்கு ஒட்டிக்கொண்டு ஓட்டிய ஒருத்தனை, முன்பக்கக் கண்ணாடியில் இருந்த விரிசலை வைத்தே பிடித்தவள் அவள். மேனேஜர் அன்றைக்கு எழுந்து நின்று பேசினார். அந்த ஆபீஸில் அவள் கெட்டிக்காரி. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத இந்த வீட்டில் அவள் கும்பகர்ணி. 

கெடு வைத்தாகிவிட்டது. வருகிற ஒன்றாம் தேதிக்குள் ஆறு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் பழகவில்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். அம்மா சொன்னதற்குக் கலைவாணனும் தலையாட்டினான். அவன் மோசமான புருஷன் இல்லை, தலையாட்டி, அவ்வளவுதான். பங்கஜவல்லி திருநள்ளாற்றில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போய் இன்றோடு மூன்று நாள். "நான் இல்லாம இந்த வாசல் எப்புடி இருக்குன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். போகிற அன்றைக்கு மாமனார் கைலாசநாதன் மூச்சுத்திணறலுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பி நாலே நாள் ஆகியிருந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதைத் தெருவே நின்று பார்த்தது.

எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள் பால் வாங்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். அவள் கண்ணில் என்னென்ன பட்டிருக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தால் அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. வெயில் ஏறியும் வாசல் தெளிக்கவில்லை, கோலம் இல்லை. படியில் மருமகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசல் அப்படிக் கிடந்தால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு.

"என்னம்மா, வாசல் இப்புடிக் கெடக்கு" என்றாள் சொர்ணாம்பாள், குரலே எழும்பாமல்.

"ஆமா பெரியம்மா."

"மாமா?"

"உள்ள படுத்திருக்காங்க."

"எப்பம்மா?"

"ராத்திரி பத்து மணிக்கே. நான் வேலை முடிஞ்சு வர்றதுக்கு முன்னாடியே." விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. வாயைப் பொத்தினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல பெரியம்மா. மாத்திரை போட்டுட்டுப் படுத்தாங்க, அப்புடியே..."

"புண்ணியவான். அத்தைக்குச் சொல்லியாச்சா?"

சொர்ணாம்பாள் கோலத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று விஷ்ணுப்ரியா நினைத்தாள். "இல்ல. எப்புடிச் சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சொர்ணாம்பாள் அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு, "நீ ஒண்ணும் பண்ண வேணாம் தாயி, அப்புடியே இரு, நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கோலத்தைத் தான் போடுகிறேன் என்கிறாள் போலிருக்கிறது, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு விஷ்ணுப்ரியா உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தாள்.

எட்டே காலுக்குத் தெருவில் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சாமியானாக் கம்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காக வந்திருந்தன. ஒரு குட்டியானை வண்டியிலிருந்து இரண்டு பேர் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியை இறக்கி, "பிளக் பாயின்ட் எங்கக்கா இருக்கு?" என்று அவளிடமே கேட்டார்கள். அவள் கூடத்தைக் காட்டினாள். காலை வேளையில் யார் எது கேட்டாலும் அவளுக்குக் காட்டத்தான் வரும். ஐந்தாறு பொம்பளைகள் முடியை அவிழ்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தார்கள். யாருக்கு என்று கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில் பங்கஜவல்லியின் ஆட்டோ வந்து நின்றது.

ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள் அவள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. திருநள்ளாற்றிலிருந்து வழியெல்லாம் அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே, ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூட நான் இல்லாமப் போனேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அப்போதுதான் கைலாசநாதன் கொல்லையில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

பங்கஜவல்லி அவரைப் பார்த்தாள். கிட்டே போனாள். அவர் ஈர மார்பில் இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தினாள், பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். விஷ்ணுப்ரியாவுக்கும் அழுகை வந்துவிட்டது, இந்தமுறை கொட்டாவியில்லை. அவர்களுக்குக் கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அத்தை மாமாவைத் தொட்டு ஊர் பார்த்தது இதுதான் முதல் தடவை, அவள் பார்த்ததும் முதல் தடவைதான்.

அழுது முடித்ததும் திரும்பினாள் பங்கஜவல்லி. சந்தோஷம் இருந்த இடத்தில் அவமானம் ஏறிவிட்டது. "உசுரோட இருக்குற மனுஷனுக்கு ஐஸ் பெட்டி கொண்டாந்துட்டியேடி. ஒரு கை கோலப்பொடி தூவ முடியல உனக்கு. இன்னையோட போதும். அந்த வேலைய விட்டேன்னு இப்பவே போன் போட்டுச் சொல்லு."

கலைவாணனும் வந்துவிட்டான். திருமலைராயன்பட்டினத்தில் காலை ஆறு மணி ஷிஃப்டில் இருந்தவனை, அப்பா போய்விட்டார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, உள்ளே கண் சிவந்து கிடந்தது. அப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக அவளிடம் வந்தான். "அம்மா சொல்றதச் செய். போன எடு."

கூட்டம் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. விஷ்ணுப்ரியாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றும் வரிசைக்கு வரவில்லை. இப்போது வாயைத் திறந்தால் சரி என்றுதான் வரும். காலையில் எத்தனை விஷயத்துக்குச் சரி என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள் அவள்! இந்தக் கல்யாணத்துக்கே ஏழரை மணிக்குத்தான் சம்மதம் கேட்டார்கள்.

"பன்னெண்டு மணிக்குச் சொல்றேன்" என்றாள்.

"என்னது?"

"இப்ப எனக்கு எதுவும் ஓடாது. பன்னெண்டு மணிக்கு வந்து சொல்றேன். எல்லாரும் இருங்க, இல்லாட்டிப் போயிட்டு வாங்க." சொல்லிவிட்டு உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெம்பில்லை. ஊர் வாய்க்கு மூடியா போட முடியும்? சாமியானா பிரிகிற சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டிக்காரர்களை ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று கைலாசநாதன் உபசரிப்பது கேட்டது. படுத்தாள். பதினொன்றரைக்கு எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். கம்பெனிச் சேலையைக் கட்டி, தலையை இறுகப் பின்னினாள். கண்ணாடியில் பார்த்தபோது உள்ளே கடை திறந்திருந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கூடத்துக்கு வந்தாள். சோறு வடித்துவிட்டு வந்த சொர்ணாம்பாளும் இன்னும் நாலு பேரும் வாசல்படியில் இருந்தார்கள். வேடிக்கையை யார் விடுவார்கள்? கலைவாணன் சுவரோரம் நின்றான். பங்கஜவல்லி நாற்காலியில் இருந்தாள். நாலு மணிக்கு எழுந்தவள், அழுதவள், கத்தியவள். இமை தானாக இறங்குவதும் அவள் அதைத் தூக்கி நிறுத்துவதுமாக இருந்தது.

"வேலைய விட மாட்டேன்" என்றாள் விஷ்ணுப்ரியா.

"கேட்டியாடா?" என்றாள் பங்கஜவல்லி மகனிடம்.

"அத்தை, சாயந்தரம் ஏழு மணி சீரியல்ல நீங்க உக்காந்த மேனிக்குக் குறட்டை விடுறீங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் தெரியாது. உங்கள யாராச்சும் சோம்பேறின்னு சொன்னமா? பாவம் விடியக்காலமே எந்திரிச்சவங்கன்னு ஃபேனத் திருப்பி வைக்கிறோம். எனக்கு அந்த ஏழு மணி காலையில வருது. அவ்வளவுதான். அது எந்த டெஸ்ட்லயும் வராது."

"பொம்பளைக்குக் காலைதான்டி நேரம்."

"அது யாரோ காலையில முழிச்சவங்க சொன்னது." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க அஞ்சரைக்கு இந்த வாசலத் தாண்டித்தான போனீங்க? தெளிக்காமக் கெடந்துச்சில்ல?"

"நான் எப்புடி விஷ்ணு கோலம் போடுறது?"

"போட வேணாம். ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருந்தா உங்கப்பா செத்திருக்க மாட்டாரு."

கைலாசநாதன் சிரித்துவிட்டார். பங்கஜவல்லி பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சரிடி, நாளைக்கு? நாளைக்கும் ஏழு மணிக்கு வாசல் இப்புடிக் கெடந்தா? மறுபடியும் ஒப்பாரி வைக்கட்டுமா ஊரு?"

"வைக்காது. அத நான் பாத்துக்குறேன்."

வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் வாசலில் இறங்கினாள். சொர்ணாம்பாள் கன்னத்தில் கை வைத்தாள். நட்டநடு மத்தியானம் வாசல் தெளிக்கிறவளை அந்தத் தெரு கண்டதில்லை. தண்ணீர் விழுந்ததும் மண் உஸ்ஸென்றது, காய்வதற்குள் பெருக்கினாள். புள்ளி வைக்கவில்லை. கோலப்பொடியை விரலிடுக்கில் எடுத்து, வாசலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் இருக்கும்படி எழுதினாள். லாரிச் சீட்டு எழுதுகிற கை, ஒரு எழுத்து கோணவில்லை. முதுகு எரிந்தது. ஒரு மணிக்குக் கம்பெனி வேன் வந்து நின்று, டிரைவர் தமீம் அன்சாரி ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனவர் அடிக்காமல் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தார்.

"இந்த வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம்."

படித்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார்.

"போர்டுண்ணே. வாங்க, நேரமாச்சு." கையைத் தட்டிக்கொண்டு வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாளைக்கு இந்த வீட்டில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. ஆனால் கீழவாஞ்சூருக்குப் போகிறாள், அது மட்டும் நிச்சயம்.

வேன் திரும்புவதற்காகப் பின்னால் நகர்ந்தபோது பங்கஜவல்லி ஒரு வாளி நிறையத் தண்ணீரோடு படியில் வந்து நின்றதை விஷ்ணுப்ரியா பார்த்தாள். அழிக்கத்தான் வந்திருக்கிறாள். கலைவாணன் பின்னாலேயே வந்தான், தடுப்பதற்கா உதவுவதற்கா தெரியவில்லை. கைலாசநாதன் எழுத்து மிதிபடாமல் ஓரமாகக் காலை வைத்துத் தெருவுக்கு வந்து, தள்ளி நின்று மறுபடி ஒருமுறை படித்தார். பங்கஜவல்லி முதல் வரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஊற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

தமீம் அன்சாரி வண்டியைத் திருப்பி முடிப்பதற்குள் அவள் தலை மெதுவாகச் சரிந்து கதவுநிலையில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை மட்டும் வாளியின் பிடியை விடாமல் பிடித்திருந்தது. படியில் இருந்த பொம்பளைகள் எழுத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சொர்ணாம்பாள் வாயில் விரலை வைத்து எல்லோருக்கும் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.