பன்னிரண்டடிச் சரிவு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவும் அவள் கணவரான மாமாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் தூது போனவள் நான். அதற்குக் கூலியாக ஒரு கதையாவது வேண்டாமா?

முதல் வரி இப்படி எழுதினேன்: ‘நூற்று நாற்பது வயதான அந்த வீடு தன் கடைசிப் பெருமூச்சை...’ அடித்துவிட்டேன். வீடுகள் பெருமூச்சு விடுவது எனக்கே அலுத்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

2

எப்போதோ ஒரு நீதிபதி கட்டிய வீடு. ஆசைப்பட்டு வாங்கிய அக்காவும் மாமாவும், இரண்டு அறையில் குடியிருந்துகொண்டு மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து வருடம் பூட்டியே வைத்திருந்தார்கள். சண்டைகளையும் அப்படியே பூட்டிவைத்தார்கள். கடைசியில் பிரிந்துவிடுவது என்று முடிவானது. ஆனால் கூரை தொங்கும் வீட்டை யார் வாங்குவார்கள்?

“சரிபண்ணி வித்துட்டு அவங்கவங்க வழியைப் பாத்துக்கலாம்னு உங்க மாமாகிட்ட சொல்லு” என்றாள் அக்கா. மாமா அடுத்த அறையில்தான் இருந்தார்.

3

மாமா லிஃப்ட் மெக்கானிக். தொங்கிய உத்தரங்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி நிறுத்தினார். அக்கா பிசியோதெரபிஸ்ட். கதவுகளில் ஏழு பூச்சு பெயிண்டைச் சுரண்டி எடுத்தாள். தோட்டத்துப் புதரை வெட்டியபோது அடியிலிருந்து கல் பாவிய பாதையும் ஒரு வட்டக் குளமும் வெளிப்பட்டன. தெருவில் போகிறவர்கள் வேலிக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா ஒரு பலகை மாட்டினாள்: ‘ஞாயிறு பத்து முதல் ஒன்று வரை. உள்ளே வந்து பார்க்கலாம்.’

(மாமாவை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். அக்கா என் பிரதியின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: ‘அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு நாள்கூட வரலே. அதை ஏன் விட்டே?’ அம்மா எனக்கும்தான் அம்மா. மறந்தேனா, மறைத்தேனா, தெரியவில்லை.)

4

முதல் ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண், ஓரடி உயரப் படிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, “பரவாயில்லே, இங்கேருந்தே குளம் தெரியுது” என்றாள். தெரியவில்லை. மரம் மறைத்தது.

மறுநாள் மாமா அந்தப் படியருகே செங்கல்லோடு உட்கார்ந்துவிட்டார். அக்கா பின்னால் போய் நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

“ஆறடியில சரிவு போட்டா நாற்காலி ஏறாது. பன்னிரண்டடி வேணும்” என்றாள் அக்கா.

“அவ்வளவு இழுத்தா உன் ரோஜாப் பாத்தி போயிடும்.”

“போகட்டும். டேப்பைப் பிடிங்க.”

(எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இதைவிட உருக்கமான வசனம் ஒன்று எழுதி, கிழித்துப் போட்டேன்.)

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் யாரும் தள்ளாமல் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு குளத்தருகே போனாள். பார்த்துக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே சொன்னாள்: “அம்மாவை நீங்க பாக்க வராதது இன்னும் வலிக்குது.”

மாமா கையிலிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே நின்றார். “ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே வரப் பயமா இருந்துச்சு. சொல்லியிருக்கணும்.”

“ஆமா. சொல்லியிருக்கணும்” என்றாள். ஆனால் அங்கிருந்து போய்விடவில்லை.

5

போன ஞாயிறு வீட்டை வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். எல்லாம் பிடித்துவிட்டது. “எப்போ காலி பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“முன்னறைப் பூச்சு இன்னும் முடியலே” என்றார் மாமா.

(போன மாதமே முடிந்துவிட்டது. நானே பார்த்தேன்.)

அக்கா மாமாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், “ஆமா, கொஞ்சம் நாளாகும்” என்றாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சேர்கிறார்கள். மற்றதில் நல்லபடியாகப் பிரிந்து, ஞாயிறுகளில் மட்டும் தோட்டத்தில் சந்திக்கிறார்கள். அக்கா இரண்டையும் அடித்துவிட்டாள். “எங்களுக்கே தெரியலே. நீ எதுக்கு அவசரப்படறே?”

நியாயம்தான். எனவே நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். பலகையில் நேரம் போட்டிருக்கிறது. நீங்களே ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள். என்னை இப்போதெல்லாம் யாரும் தூது அனுப்புவதில்லை.